பூ வந்தது இன்று, பில் விழுந்தது நேற்று

தோவாளைப் பூச்சந்தையில் விடியும் முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். அங்கே ஒரு கடைக்கு நாகர்கோவிலிலிருந்து நாங்கள் பில் போடும் மென்பொருள் எழுதிக்கொடுத்தோம். ஏப்ரல் 1, அதிகாலை 4 மணி, பிச்சிப்பூ 3 கிலோ என்று ஒரு பில்லைச் சோதனைக்கு வைத்திருந்தேன். நிதியாண்டின் முதல் நாள் என்பதால் வேண்டுமென்றே எடுத்த தேதி. என் லேப்டாப்பில் சோதனை தேறியது. சர்வரில் தோற்றது: தேதி மார்ச் 31. பில் போன நிதியாண்டுக்குப் போய்விட்டது.

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. நமக்கு அதிகாலை 4 என்றால் அங்கே முந்தைய இரவு 10.30. சர்வர்கள் பெரும்பாலும் பொது நேரத்தில்தான் ஓடுகின்றன. எங்கள் நிரல் எந்த ஊர்த் தேதி வேண்டும் என்று சொல்லாமல், தான் ஓடும் இயந்திரத்தின் போக்கில் விட்டிருந்தது. காலை பத்து மணிக்குக் கடை திறப்பவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. பூக்கடைக்காரருக்கோ, ஐந்தரை மணிக்கு முன் போட்ட பில் அத்தனையும் தப்பு.

“அண்ணே, சர்வரை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டால் போதுமே” என்றான் குழுவில் இருக்கும் தம்பி. சோதனை தேறும்தான், பிழையும் அப்படியே இருக்கும். நாளை வேறு சர்வருக்குப் போகும்போது இது யாருக்கு நினைவிருக்கும்? நிரலிலேயே இந்திய நேர மண்டலத்தை ‘ஏசியா/கொல்கத்தா’ என்று பெயர் சொல்லி எழுதினோம். இயந்திரத்தின் நேரத்தை இந்தியா, பொது நேரம், நியூயார்க் என மாற்றி மாற்றிச் சோதித்தோம். மூன்றிலும் ஏப்ரல் 1.

மறுநாள் அதே தம்பியின் விண்டோஸ் லேப்டாப்பில் சோதனை விழுந்தது. அப்படி ஒரு நேர மண்டலமே இல்லையாம்! நாங்கள் எழுதும் பைதான் மொழியில், 3.9 பதிப்பு முதல் நேர மண்டலங்களுக்கான நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) கூடவே வருகிறது. ஆனால் மண்டலங்களின் விவரத்தை அது முதலில் இயங்குதளத்திடம் தேடும். விண்டோஸில் அந்த விவரத் தொகுப்பு கிடையாது, தனியாக நிறுவ வேண்டும். நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டித் தரும் கன்டெய்னர்களில், மிகவும் சுருக்கிச் செய்த சிலவற்றிலும் இதே கதை. தேவையான நூலகங்களின் பட்டியலில் ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது.

இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுபவை இன்னும் உண்டு. வரிமுடிவுக் குறி, கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்பவையெல்லாம் எல்லோரும் ஒருமுறை அடிபட்டுக் கற்றுக்கொள்பவை. தமிழில் எழுதும் நமக்கென்றே ஒன்று உண்டு. ‘தோ’வில் உள்ள ஓகாரக் குறியை, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை, பெயர்களில் உள்ள இத்தகைய குறிகளை இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். ‘தோவாளை’ என்ற கோப்பைத் தேடிய எங்கள் சோதனை ஒரு பழைய மேக்கில் மட்டும் தோற்றது. அரை நாள் திரையை முறைத்துக்கொண்டிருந்தோம். குறியீடுகளை எண்ணியபோதுதான் பிடிபட்டது: நிரலில் இருந்த பெயரில் 6, கோப்பின் பெயரில் 7.

இப்போது ஒப்பிடும் முன் இரண்டு பெயர்களையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிடுகிறோம். அந்த ஏழு குறியீட்டுத் தோவாளையைச் சோதனைத் தரவிலேயே வைத்திருக்கிறோம், ஏப்ரல் 1 பில்லுக்குப் பக்கத்தில்.