அந்தக் குஞ்சை எடுத்த இடத்திலேயே வையுங்கள்

இந்தக் கோடையில் இது பதினோராவது டப்பா. செருப்பு டப்பா, ஸ்வீட் டப்பா, மூடியில் ஓட்டை போட்ட பிரியாணி டப்பா என்று எல்லாம் வந்துவிட்டன. உள்ளே பஞ்சு மெத்தை, அதன்மேல் ஒரு குஞ்சு. நேற்று வந்தது மைனா. கொண்டுவந்தவள் எங்கள் விலங்கியல் துறையில் படித்துவிட்டுப் போன பெண். வீட்டு வாசலில் கிடந்ததாம். நான்கு நாளாகப் பால்சோறு ஊட்டியிருக்கிறாள். திறந்து பார்த்தேன். அலகோரத்தில் பால் காய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் போய்வந்தது. வால் அப்படி ஆடத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் என்னால் செய்ய ஒன்றும் இருக்காது. சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது.

அவளைத் திட்ட மனம் வரவில்லை. நான்கு ராத்திரி அலாரம் வைத்து எழுந்து ஊட்டியிருக்கிறாள். (மைனாக் குஞ்சு ராத்திரியில் சாப்பிடாது, தூங்கும்.) மூன்று வருடம் என் வகுப்பில் உட்கார்ந்தவள், பறவையின் காற்றுப்பைகளை இன்றும் பிழையில்லாமல் வரைவாள். வாசலில் குஞ்சு கிடந்தால் என்ன செய்வது என்பது சிலபஸில் இல்லை. நானும் சொல்லித் தரவில்லை.

அந்த மைனாவுக்கு உடம்பெல்லாம் இறகு வந்திருந்தது. வால் மட்டும் குட்டை, கடைவாயில் மஞ்சள் இன்னும் போகவில்லை. விழுந்த குஞ்சு இல்லை அது. வேளை வந்து தானாக இறங்கிய குஞ்சு. மைனா, பொரித்த மூன்று நான்கு வாரத்தில் கூட்டை விட்டுவிடும். கொண்டைக்குருவி இரண்டு வாரம்கூடத் தங்காது. இறங்கிய அன்றே பறக்க வராது. சில நாட்கள் செடியடியில் தத்தித் தத்தித் திரியும், தாயும் தகப்பனும் அங்கேயே வந்து ஊட்டும். மேலே கம்பியில் இரண்டு மைனா உட்கார்ந்து கத்தியதா என்று கேட்டேன். "ஆமா மேம், ரொம்ப நேரம் கத்திச்சு. காக்காவப் பார்த்துக் கத்துதுன்னு நினைச்சேன்" என்றாள். அவளைப் பார்த்துத்தான் கத்தியிருக்கின்றன.

சரி, அப்போதே திரும்ப வைத்திருக்கலாமே?

"கை பட்டுடுச்சே மேம். இனிமே அம்மா சேர்த்துக்காதுல்ல?"

இந்த ஒரு வரிக்கு 26 வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் சொல்கிறார், போலீஸ்காரர் சொல்கிறார், எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் டீச்சரே சொல்கிறார். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்காது. ஒதுக்கவே ஒதுக்காது. கூட்டில் இருக்கும் குஞ்சை எடுத்து, எடை போட்டு, காலில் வளையம் மாட்டித் திரும்ப வைப்பது உலகம் முழுக்கப் பறவை ஆய்வாளர்களின் அன்றாட வேலை. கை பட்டால் தாய் விட்டுவிடும் என்றால் எங்கள் துறையே கொலைத் தொழிலாகியிருக்கும். ஆய்வு மாணவியாக இருந்தபோது கொண்டைக்குருவிக் குஞ்சுகளை நாள்விட்டு நாள் எடை போட்டேன். நான் பத்தடி நகர்வதற்குள் தாய் வாயில் வெட்டுக்கிளியோடு வந்துவிடும். என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் கூட்டுக்குப் போகும்.

இதற்குப் பதிலாக, "பறவைக்கு மோப்பமே கிடையாது" என்று சொல்லித் தருபவர்களும் உண்டு. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் பாடம் எடுத்தேன். அதுவும் தப்பு. கிவிக்கு மூக்குத் துளை அலகின் நுனியில் இருக்கிறது, மண்ணுக்குள் இருக்கும் புழுவை மோப்பம் பிடிக்கும். கடற்பறவைகளில் சில வாசத்தை வைத்தே இரையைத் தேடிப் போகும். ஆக, மோப்பம் உண்டு. உங்கள் கைச் சோப்பு வாசத்தைத் தாய் சட்டை செய்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கைக்கு எங்கிருந்து கால் முளைத்தது? என் ஊகம் இது. அடைகாக்கத் தொடங்கிய புதிதில் கூட்டுப் பக்கம் அடிக்கடி போனால் சில பறவைகள் முட்டையோடு கூட்டைக் கைவிட்டுவிடும். காரணம் வாசமில்லை, பயம். குஞ்சு பொரித்து, ஊட்டி, பாதி ஆளாக்கிய பிறகு அவ்வளவு சுலபத்தில் விட்டுப் போகாது. (கூட்டை மறைக்கும் இலையை ஒடித்துவிட்டுப் படமெடுக்கும் அன்பர்களே, நீங்கள் லென்ஸ் மாற்றும் நேரத்தில் பின்னால் ஒரு காக்கா உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் கிளம்பியதும் அது வேலையைத் தொடங்கும்.)

அந்தக் காக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். குயில் தன் கூட்டில் வைத்துவிட்டுப் போன முட்டையை அடைகாத்து, வெளியே வந்த குஞ்சின் வாயில் வாரக்கணக்கில் ஊட்டுகிறது. வேற்று இனத்துக் குஞ்சையே வளர்க்கும் பறவை, உங்கள் விரல் பட்டதற்காகச் சொந்தக் குஞ்சை விரட்டிவிடுமா?

இனி செய்ய வேண்டியது. இறகு வந்த குஞ்சா? பக்கத்துச் செடியிலோ மதில் மேலோ வைத்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். நாயைக் கட்டுங்கள், பூனையை இரண்டு நாள் உள்ளே பூட்டுங்கள், பிள்ளைகளைக் கூட்டம் போடவிடாதீர்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை தாய் வராது. வராததைப் பார்த்து "பாவம், யாருமே வரலை" என்று மறுபடி டப்பாவை எடுக்காதீர்கள். இறகில்லாத, கண் திறக்காத குஞ்சென்றால் அது நிஜமாகவே விழுந்தது. கூட்டிலேயே வைக்க வேண்டும். கூடு பிய்ந்துபோயிருந்தால் சின்ன ஓலைக்கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு அதே மரத்தில் கட்டி, தூரத்திலிருந்து கவனியுங்கள். வெட்டவெளியில் தரையோடு தரையாகப் படுத்திருப்பது ஆட்காட்டிக் குஞ்சு. அதற்குக் கூடும் இல்லை, அபாயமும் இல்லை. தாய் கத்தியதால் அசையாமல் படுத்திருக்கிறது. நீங்கள் நகர்ந்தால் எழுந்து ஓடும்.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. பூனை வாய் வைத்திருந்தால் காயம் கடுகளவு இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பூனைப் பல்லிலுள்ள கிருமி பறவையை ஓரிரு நாளில் கொன்றுவிடும். மாஞ்சா நூலில் அறுபட்டது, இறக்கை தொங்குவது, இதெல்லாம் உடனடி கேஸ். உழவாரன் என்ற பறவை தரையில் கிடந்தாலும் எடுங்கள். அதன் கால் தொற்றிக்கொள்ளத்தான் லாயக்கு, தரையில் நடக்க உதவாது. அதன் குஞ்சு கீழே விழுந்தால் தாயால் இறங்கி ஊட்ட முடியாது. அக்டோபர் வாக்கில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி களைத்துப் போய் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். இருட்டுப் பெட்டியில் சில மணி நேரம் ஓய்வெடுத்தால் போதும், மரங்கள் அடர்ந்த இடமாகப் பார்த்து விட்டுவிடலாம். திருநெல்வேலி மாவட்டத்தில் பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளத்தில் மரத்திலிருந்து விழும் நாரைக் குஞ்சுகளை ஊர்க்காரர்கள் எடுத்து மீன் போட்டு வளர்த்திருக்கிறார்கள். அது சரியான காரியம். கூட்டமாகக் கூடு கட்டும் அந்தப் பறவைகள் கீழே விழுந்த குஞ்சுக்கு இறங்கிவந்து ஊட்டுவதில்லை. மைனா ஊட்டும். அந்த வித்தியாசம்தான் விஷயம்.

கொண்டுபோகும் வழியில் ஒன்றும் ஊட்டாதீர்கள், தயவுசெய்து. பால் வேண்டாம், அது பாலூட்டிகளின் சமாச்சாரம், பறவைக்குச் செரிக்காது. தண்ணீரும் வேண்டாம். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. இங்க் ஃபில்லரில் விடும் நாலு சொட்டு நேராக அங்கே போகும். என் மேஜையில் செத்த மைனா அப்படித்தான் செத்தது. மூடிய அட்டைப்பெட்டி, காற்றுக்கு ஓட்டை, இருட்டு, அமைதி போதும். அப்புறம், கிளிக்குஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அத்தை வீட்டிலும் கூண்டில் இருக்கிறதே என்பீர்கள். அங்கேயும் குற்றம்தான்.

கடைசியாக, இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு போன் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்தோ கோபுரத்திலிருந்தோ புஸ் புஸ்ஸென்று சத்தம் வந்தால் பாம்பென்று பயப்படாதீர்கள். கூகைக் குஞ்சாக இருக்கலாம். பசித்தால் அது அப்படித்தான் கேட்கும். தாய் எலியோடு வந்துகொண்டிருக்கும். லைட்டை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.