லேசர் சைட் வாங்கறதுக்கு முன்னாடி மில்லிவாட் என்னனு பாருங்க

நான் கண் டாக்டர், ரெட்டினா, அதாவது விழித்திரைதான் என் பிரிவு. லேசர் சைட்டுங்கறது குறி வைக்கறதுக்காக துப்பாக்கில மாட்டற லேசர் லைட்டு. எந்த பிஸ்டலுக்கு எந்த மாடல் பொருந்தும், புள்ளி விழற இடமும் குண்டு படற இடமும் ஒண்ணா வர்ற மாதிரி எப்படி ஜீரோ பண்ணணும்ங்கறதெல்லாம் உங்க ஷூட்டிங் கோச் சொல்லுவார், அதுல நான் தலையிடல. ஆனா துப்பாக்கி லைசென்ஸ் வச்சிருக்கற பல பேர் லேசர் சைட் வாங்கும்போது கேக்கற முதல் கேள்வி எது ரொம்ப பிரைட்டா இருக்கும், எவ்ளோ தூரம் அடிக்கும்ங்கறதுதான், அந்த வெளிச்சம் யார் கண்ணுலயாவது பட்டா என்ன ஆகும்னு கேக்கறவங்க ரொம்பக் கம்மி.

சாதாரண பல்பு வெளிச்சம் நாலா பக்கமும் பரவிடும், லேசர் அப்படி இல்ல, மெல்லிசா ஒரே கோடா வரும். அது கண்ணுக்குள்ள போச்சுன்னா கண்ணோட லென்ஸ் அத இன்னும் சுருக்கி விழித்திரைல ஒரு ஊசிமுனை அளவு இடத்துல குவிச்சுடும், கருவிழில படும்போது இருந்ததவிட ஏறக்குறைய 1 லட்சம் மடங்கு செறிவா. நேரா பாத்தீங்கன்னா அது போய் விழற இடம் விழித்திரையோட மையப் பகுதியான மாக்குலாவோட நட்டநடு, நாம எழுத்து படிக்கறது, எதிர்ல வர்றவங்க முகத்த அடையாளம் கண்டுக்கறது எல்லாமே அந்தச் சின்ன இடத்தாலதான். இதுல கொடுமை என்னன்னா விழித்திரைல வலி தெரியற நரம்பே கிடையாது, அதனால கண்ணு கூசிச்சு, சரியாயிடும்னு விட்டுட்டு நாள் கழிச்சுதான் வருவாங்க.

அப்படி வந்த ஒருத்தர் சொன்னது, "டாக்டர், போன்ல மெசேஜ் படிச்சா வார்த்தைக்கு நடுவுல ஒரு எழுத்து மட்டும் காணோம்". கட்டம் போட்ட அட்டையக் குடுத்து ஒரு கண்ண மூடிட்டு நடுப்புள்ளியப் பாக்கச் சொன்னேன், இடது கண்ணுல எல்லாக் கோடும் நேரா தெரிஞ்சுது, வலது கண்ணுல நடுவுல இருக்கற கோடு மட்டும் வளைஞ்சு ஒரு இடத்துல அழிஞ்ச மாதிரி இருக்குன்னார். விழித்திரைய அடுக்கடுக்கா காட்டற ஓசிடி ஸ்கேன்ல பாத்தா மாக்குலாவோட நடுவுல, ஒளிய வாங்கற செல்கள் இருக்கற அடுக்குல, தொடர்ச்சியா தெரிய வேண்டிய பளிச்னு இருக்கற கோடு அந்த இடத்துல மட்டும் அறுந்து கிடந்துச்சு. விசாரிச்சா, ஆன்லைன்ல வாங்கின பச்சை லேசர் சைட், பேட்டரி மாத்திட்டு எரியுதான்னு கிட்ட வச்சுப் பாத்திருக்கார், அவ்ளோதான். சில பேருக்கு மாசக்கணக்குல பார்வை ஓரளவு தேறும், இவருக்கும் கொஞ்சம் தேறிச்சு, ஆனா அந்த நடுப்புள்ளி முழுசா போகல. ஸ்டீராய்டு குடுத்துப் பாக்கறதுண்டு, நிச்சயமா குணமாக்கும்னு நிரூபணமான மருந்து இதுக்கு இன்னும் இல்லங்க.

அதனால லேபிளப் படிங்க, மில்லிவாட்ங்கறது லேசரோட பவர் அளவு, கிளாஸ்ங்கறது அது எவ்ளோ ஆபத்துங்கறதுக்கான படி. கிளாஸ் 2 அப்படின்னா 1 மில்லிவாட்டுக்குள்ள, தெரியாம பட்டாலும் கால் செகண்டுக்குள்ள கண்ணு தானா சிமிட்டிடும், அது போதுமான பாதுகாப்பு. கிளாஸ் 3ஆர் 5 மில்லிவாட் வரைக்கும், நல்ல கம்பெனி லேசர் சைட் பெரும்பாலும் இதுலதான் வரும், ஒரு நொடி தவறிப் பட்டா பாதிப்பு வர்ற வாய்ப்பு கம்மி, ஆனா வேணும்னே உத்துப் பாக்கக் கூடாது. 5க்கு மேல 500 வரைக்கும் போறது கிளாஸ் 3பி, அதுல பவர் ஏற ஏற கண்ணு சிமிட்டறதுக்குள்ளயே சுட்டுடும், கைத்துப்பாக்கிக்கு அது தேவையே இல்லங்கறது என்னோட உறுதியான கருத்து. லேபிளே இல்லாத பொருள தயவுசெஞ்சு தொடாதீங்க, அதேசமயம் லேபிள் இருந்தா மட்டும் நம்பிடவும் முடியாது, 2013ல அமெரிக்காவோட தர அளவீட்டு அரசு நிறுவனமான நிஸ்ட் 122 லேசர் பாயின்டர எடுத்து அளந்து பாத்ததுல பச்சைல கிட்டத்தட்ட 90 சதவீதமும் சிவப்புல 44 சதவீதமும் விதிமுறைக்கு உட்படல.

பச்சையா சிவப்பான்னு கேட்டா, பச்சை அதிகமா தெரியுதுங்கறதுக்காக அதுல பவர் அதிகம்னு அர்த்தம் இல்ல. பகல் வெளிச்சத்துல நம்ம கண்ணுக்கு 555 நானோமீட்டர் (ஒளியோட அலைநீளம், நிறத்தச் சொல்ற அளவு) பக்கத்துல இருக்கற நிறம்தான் நல்லா எடுக்கும், அதனால ஒரே 5 மில்லிவாட்லயே 532 நானோமீட்டர் பச்சை, 650 நானோமீட்டர் சிவப்ப விட சுமார் 8 மடங்கு பிரகாசமா தெரியும். பகல்ல வெளில பயிற்சி பண்றவங்க மில்லிவாட்ட ஏத்தறதுக்குப் பதிலா நிறத்த மாத்தினாலே போதும். சிவப்புன்னா 650 வேண்டாம், 635 பாருங்க, அதே பவர்ல ரெண்டு மடங்கு தெரியும்.

பச்சைலயும் ரெண்டு வகை இருக்கு. 532ங்கறது நேரடியா பச்சையா பிறக்கறது இல்ல, உள்ள 808 நானோமீட்டர் லேசர் டயோடு (ஒளி தர்ற சின்ன சிப்) ஒரு கிரிஸ்டலத் தூண்டி 1064 வரவச்சு, அத இன்னொரு கிரிஸ்டல் பாதியாக்கி 532 ஆக்கும், மிச்சம் இருக்கற இன்ஃப்ராரெட்ட தடுக்க ஒரு ஃபில்டர் போடணும். மலிவான சரக்குல அந்த ஃபில்டர விட்டுடறாங்க. பச்சை கம்மியா தெரிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாத கதிர் கூடவே வந்துட்டிருக்கும், தெரியாத ஒளிக்கு கண்ணு சிமிட்டாது. 520 நானோமீட்டர் நேரடி டயோடுல இந்தப் பிரச்சனை இல்ல, குளிர்லயும் ஒழுங்கா வேலை செய்யும், என்னக் கேட்டா அதத்தான் சொல்வேன். நைட் விஷனுக்குன்னு வர்ற முழு இன்ஃப்ராரெட் சைட்டுக்கும் இதே பயம் உண்டு.

வீட்டுல லேசர் தோட்டா (குண்டுக்குப் பதிலா லேசர் விடற தோட்டா வடிவக் கருவி) போட்டுப் பயிற்சி பண்றவங்க எதிர்ல நிலைக்கண்ணாடி, டிவி, கண்ணாடி ஜன்னல் இருக்கான்னு பாருங்க. சுவத்துல பட்டா ஒளி சிதறிடும், கண்ணாடில பட்டா அதே கோடா திரும்பி வரும். எரியுதான்னு செக் பண்ணணும்னா துப்பாக்கி காலியான்னு உறுதி பண்ணிட்டு, பாதுகாப்பான பக்கம் இருக்கற சுவத்துல புள்ளி விழுதான்னு பாருங்க, குழல் பக்கமா எட்டிப் பாக்கறது லேசர் இல்லாட்டியும் உயிருக்கே ஆபத்து. கழட்டி வச்ச லேசரையும் துப்பாக்கியோடவே பூட்டி வைங்க, குழந்தைங்க கைக்கு அது வெறும் விளையாட்டு லைட்டுதான். பட்டன் பேட்டரியும் அப்படித்தான், முழுங்கிட்டா 2 மணி நேரத்துலயே உணவுக்குழாய அரிச்சுடும், உடனே ஆஸ்பத்திரி ஓடணும்.

யாருக்காவது கண்ணுல பட்டுடுச்சுன்னா கசக்காதீங்க, ஒவ்வொரு கண்ணா மூடி சின்ன எழுத்துப் படிச்சுப் பாருங்க. நடுவுல மங்கலோ புள்ளியோ வளைவோ தெரிஞ்சா கண்ணாடி பவர் மாறிடுச்சு போலன்னு கடைக்குப் போகாம அன்னிக்கே ரெட்டினா டாக்டரப் பாருங்க, வரும்போது அந்த லேசர மட்டும் துப்பாக்கிலேர்ந்து கழட்டி அது வந்த டப்பாவோட எடுத்துட்டு வாங்க, எத்தன நானோமீட்டர், எத்தன மில்லிவாட்னு தெரிஞ்சா எங்களுக்கு வேலை ரொம்ப சுலபமாகும்.