கள்ளப்படி: ‘பைரசி’க்கு ஒரு சொல்

ஓடிடி சந்தாக்கள் மீதான விரக்தியால் மக்கள் மீண்டும் ‘கடற்கொள்ளைக்குத்’ திரும்புகிறார்கள் என்ற தலைப்பை அண்மையில் மூன்றாம் முறையாகப் படித்தேன். உரிமையின்றி நகலெடுத்துப் பரப்புவதைக் குறிக்கும் ‘பைரசி’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்திருந்தார்கள். சந்தா கட்டிக் களைத்தவர்கள் படகேறிச் சோமாலியாப் பக்கம் போய்விட்டார்களோ என்று ஐயுறும்படி இருந்தது அந்தத் தமிழ்.

‘பைரசி’யின் வேர் கிரேக்கம், முயலுதல், தாக்குதல் என்பது பொருள், இலத்தீன் வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. பிறர் நூலை உரிமையின்றி அச்சிட்டவர்களை 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் அப்பெயரால் வைதார்கள். அவர்களுடைய வசையைக் கடலோடும் கப்பலோடும் தமிழுக்குள் இழுத்துவருவது மொழிபெயர்ப்பாளரின் சோம்பலன்றி வேறில்லை.

‘திருட்டு’ அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதன்று. ‘திருட்டு விசிடி’ என்று சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிவிட்டது. ஆயினும் திருட்டு என்றால் பொருள் உடையவரை விட்டுப் போயிருக்க வேண்டும். இங்கே மூலம் அவரிடமே இருக்க, படிகள், அதாவது நகல்கள், மட்டும் பெருகுகின்றன. எல்விஸ் பிரெஸ்லி பாடல்களை உரிமமின்றி இசைத்தட்டாக்கி விற்ற டௌலிங் வழக்கில், 1985இல், பதிப்புரிமை மீறலைத் திருட்டோடு எளிதில் ஒன்றாக்க இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே கூறியது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவும் மீறலைப் பற்றியே பேசுகிறது. ஆனால் ‘பதிப்புரிமை மீறல்’ வழக்குமன்றத்துக்கு ஆகும், வாய்க்கு ஆகாது.

என் தெரிவு ‘கள்ளப்படி’. ‘கள்’ என்ற வேரும் களவுதானே என்று மறுப்பார்கள். வேர் அதுதான், அடையாக வரும்போது பொருள் விரிந்துவிடுகிறது. கள்ளச்சாராயம் எவரிடமிருந்தும் திருடிய சாராயமன்று, கள்ளநோட்டு ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தில் எடுத்ததன்று. இரண்டும் உரிமமின்றி ஆக்கப்பட்டவை. கள்ளச்சந்தையோ நேர்க்கடையில் சரக்குக் கிடைக்காதபோது தழைப்பது. செய்தி சொல்ல வந்த காரணமும் இதுவேயாகையால், இச்சொல் அதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

எங்கள் வீட்டில் மூன்று சந்தாக்கள் உண்டு. பாதி பார்த்த தொடரொன்று ஒரு மாத இடைவெளியில் காணாமற்போய், நான்காவது செயலியில் ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்ற ஒற்றை வரியாக எஞ்சியது. உறவுக்காரப் பையன் பத்தே நிமிடத்தில் கள்ளப்படியோடு வந்து நின்றான். அதில் விளம்பரமும் இல்லை. அமேசான் பிரைம் வீடியோ 2024 ஜனவரியில் அமெரிக்கச் சந்தாதாரர்களுக்கு விளம்பரத்தைப் புகுத்தி, அதை நீக்க மாதம் 2.99 டாலர் கேட்டது. கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், கள்ளப்படி பெரும்பாலும் விலைச் சிக்கலன்று, சேவைச் சிக்கல் என்று 2011இலேயே சொல்லியிருந்தார்.

அத்தலைப்பில் ‘விரக்தி’யும் பிழையே. அது பற்றறுத்த நிலை; அதை எய்தியவர் தொடரையே துறந்திருப்பார், அடுத்த பாகத்தைத் தேடி அலையமாட்டார். ‘சந்தா எரிச்சலால் பெருகும் கள்ளப்படி’ என்று போட்டிருந்தால் தலைப்பில் இடமும் மிஞ்சியிருக்கும்.