முதலில் ஊசி, அப்புறம்தான் ஐசி

திருநெல்வேலிச் சீமையில் கோயில் கொடை என்றால், வில்லுப்பாட்டுக்காரர் வந்து சேரும் முன்பே மைக்செட் வந்து இறங்கிவிடும். வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, அடுத்த ஊருக்கும் கேட்கும்படி ரெக்கார்டு போட்ட காலம் ஒன்று இருந்தது. கேசட் வந்ததும் தட்டுகள் பரணுக்கு ஏறின. இப்போது அவற்றை இறக்கித் துடைத்து, ஒரு டர்ன்டேபிளையும் தேடிப் பிடித்து வைப்பவர்கள் உண்டு. வயரை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் செருகியதும் கிடைப்பது ஏமாற்றம்தான். வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் சன்னமான கீச்சுக்குரல், தவிலைக் காணவில்லை. தட்டு தேய்ந்துபோச்சு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தட்டில் ஒன்றும் குறையில்லை. ஊசி தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கிச் சீராக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சின்ன சர்க்யூட் பலகை நடுவில் இல்லை, அவ்வளவுதான்.

இதைக் கடையில் வாங்கலாம். நாமே கட்டினால் செலவு குறையும், உள்ளே என்ன நடக்கிறது என்பதும் புரியும். ஆனால் கட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘எந்த ஐசி (பெருக்கும் வேலையைச் செய்யும் சில்லு) போடலாம்?’ என்பது. என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்கவேண்டியது.

ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜுக்குள் நடப்பதிலிருந்து தொடங்குவோம். இன்று அதிகம் புழங்கும் மூவிங் மேக்னட் வகையில், ஊசித் தண்டின் மறுமுனையில் குட்டிக் காந்தம் ஒன்று கம்பிச் சுருளுக்கு அருகே ஆடுகிறது. கிடைக்கும் மின்னழுத்தம் ஊசி எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. நொடிக்கு 5 செ.மீ. வேகத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆக்ஸ் துளை எதிர்பார்ப்பதோ சில நூறு மில்லிவோல்ட். ஆகவே நூறு மடங்கு பெருக்கவேண்டும்.

நூறு மடங்கு பெருக்கினால் மட்டும் தவில் வந்துவிடாது. அதே 5 செ.மீ. வேகத்தில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியைத் தட்டில் வெட்டினால், தடம் நடுக்கோட்டிலிருந்து 8 மைக்ரான் விலகும். 50 ஹெர்ட்ஸில் அதே வேகத்துக்கு 160 மைக்ரான் விலகவேண்டும். அதிர்வெண் குறையக் குறைய தடம் அகலமாக நெளியும். வாய்க்கால் வெட்டுகிறவர் பக்கத்து வயல் வரப்பையும் சேர்த்து வெட்டிவிடுவதுபோல, அடுத்த சுற்றின் தடத்துக்குள் புகுந்துவிடும். மறுபக்கம், 10,000 ஹெர்ட்ஸில் விலகல் 0.8 மைக்ரான்தான். தட்டின் சொரசொரப்பிலேயே அது தொலைந்துபோகும். அதனால் தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளைத் தூக்கிப் பதிகிறார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்பவேண்டும்.

எவ்வளவு குறைப்பது, எவ்வளவு தூக்குவது என்பதில் ஆதியில் கம்பெனிக்கு ஒரு கணக்கு இருந்தது. 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் ஒரே அளவை வகுத்தது. அதுதான் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு. 3180, 318, 75 மைக்ரோநொடி என்ற மூன்று நேர மாறிலிகள்தான் அதன் உயிர். வளைவு திரும்பும் இடங்கள் அவை; அதிர்வெண்ணில் சொன்னால் 50, 500, 2122 ஹெர்ட்ஸ். 1000 ஹெர்ட்ஸை அடிப்படையாக வைத்தால், ப்ரீஆம்ப் 20 ஹெர்ட்ஸை 19.3 டெசிபல் தூக்கவும், 20,000 ஹெர்ட்ஸை 19.6 டெசிபல் அழுத்தவும் வேண்டும். நடுவில் நூறு மடங்கு பெருக்கும் பலகை, அடியில் 900 மடங்குக்கு மேலும், உச்சியில் பத்து மடங்கும் பெருக்குகிறது என்று அர்த்தம். நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இந்த 900 மடங்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் வரும் உறுமல் தொல்லைக்கெல்லாம் இதுவே காரணம்.

பலகையைத் தேடுவதற்கு முன் உங்கள் டர்ன்டேபிளின் ஊசி எந்த வகை என்று பாருங்கள். மைக்செட் காலத்துப் பழைய பிளேயர்களிலும், இன்று மலிவாக வரும் பெட்டி பிளேயர்களிலும் இருப்பது கிரிஸ்டல் அல்லது செராமிக் காட்ரிட்ஜ். அது ஊசியின் வேகத்துக்கு அல்ல, விலகலுக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும். அதுவும் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவை ஓரளவு தானாகவே சரிக்கட்டிவிடும். இதற்கு ஃபோனோ ப்ரீஆம்ப் தேவையே இல்லை. சுமார் 1 மெகாஓம் இன்புட் உள்ள சாதாரண பஃபர் (பெருக்காமல் சிக்னலைக் கடத்திவிடும் சர்க்யூட்) போதும். பழைய கிரிஸ்டல் வகையில் இருப்பது ரோஷெல் உப்பு. ஈரமும் ஆகாது, 55 டிகிரிக்கு மேல் சூடும் ஆகாது. தகரக் கூரைக்கடியில் கிடந்த பிளேயரில் அது உயிரோடு இருந்தால் அதிசயம்.

காந்தத்துக்குப் பதில் சுருளே ஆடும் மூவிங் காயில் வகை இன்னொரு கோடி. 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான் தரும்; இன்னும் பத்து மடங்கு பெருக்கவேண்டும், இரைச்சலும் உறுமலும் அதே அளவு கூடும். முதல் முறை கட்டுகிறவர் அந்தப் பக்கம் போகவேண்டாம். ஆக, இனி பேசப்போவது மூவிங் மேக்னட் பற்றியே.

அதற்கு 47 கிலோஓம் இன்புட் என்பது எழுதிவைத்த வழக்கம். யாரும் கவனிக்காதது கூடவே வரும் கண்டென்சர் அளவு. காட்ரிட்ஜின் சுருள் சுமார் 500 மில்லிஹென்றி என்று வையுங்கள். அதோடு 250 பிக்கோஃபாரட் சேர்ந்தால் 14,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழும், அதற்குப்பின் ஒலி சரிந்து விழும். பல பலகைகளில் 220 பிக்கோஃபாரட்டை இன்புட்டிலேயே பற்றவைத்துத் தருகிறார்கள். டர்ன்டேபிள் வயரே 100-க்கு மேல் சேர்த்துவிடும். இந்தக் கண்டென்சரைக் கழற்றவோ மாற்றவோ இடம் விட்டிருக்கும் பலகையை எடுங்கள். அதே இடத்தில் ஒரு ஃபெர்ரைட் மணி (வானொலி அலையைத் தடுக்கும் சின்ன வளையம்) கோத்தால், திருநெல்வேலி வானொலியின் நடுஅலைச் செய்தி அறிக்கை பாட்டுக்கு நடுவே எட்டிப்பார்ப்பதும் நிற்கும்.

இப்போது ஐசி. இரைச்சல் எண்ணை மட்டும் பார்த்து விலையுயர்ந்த ஐசியைத் தேடுவது வீண். 10,000 ஹெர்ட்ஸில் 500 மில்லிஹென்றிச் சுருளின் தடை 31 கிலோஓம். அது 47 கிலோஓம் ரெசிஸ்டரோடு சேரும்போது, அந்த ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல் மட்டுமே ரூட் ஹெர்ட்ஸுக்கு (இரைச்சலை அளக்கும் வழக்கமான அலகு) சுமார் 15 நானோவோல்ட் வந்துவிடுகிறது. ஐசி எதுவும் போடாத நிலையிலேயே இவ்வளவு. அதற்குமேல் 1 நானோவோல்ட் ஐசி வாங்கி என்ன பலன்? அந்த வகை ஐசிகளில் பலவற்றுக்கு மின்னோட்ட இரைச்சல் அதிகம். இவ்வளவு பெரிய தடையின் குறுக்கே அது தன் பங்குக்குச் சீறும். என்.இ. 5532-க்கு மின்னழுத்த இரைச்சல் 5 நானோவோல்ட், மின்னோட்ட இரைச்சல் 0.7 பிக்கோஆம்பியர். ஓ.பி.ஏ. 2134-க்கு 8 நானோவோல்ட். மின்னோட்ட இரைச்சல் இல்லையென்றே சொல்லலாம். இரண்டில் எதுவும் சரி. டி.எல். 072-க்கு 18 நானோவோல்ட், பழகிப்பார்க்கப் போதும். ஐசிக்கு சாக்கெட் வையுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். மிகமிக மலிவாகக் கிடைக்கும் 5532 வேறு ஐசியின் முதுகில் பேர் எழுதியதாக இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

தேர்வின் உயிர் இருப்பது வளைவை எங்கே செய்கிறார்கள் என்பதில். ஒரு வழி, மூன்று நேர மாறிலிகளையும் ஒரே ஐசியின் ஃபீட்பேக்கில் (அவுட்புட்டின் ஒரு பகுதியை இன்புட்டுக்குத் திருப்பிவிடும் பாதை) அடக்குவது. பாகங்கள் குறைவு, பலகை சின்னது. ஆனால் அதிலுள்ள இரண்டு ரெசிஸ்டரும் இரண்டு கண்டென்சரும் ஒன்றின் கையை ஒன்று பிடித்திருக்கும்: ரெசிஸ்டர்களின் விகிதம் 11.78, கண்டென்சர்களின் விகிதம் 3.6 என்று அமையவேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் நகரும். 1979-இல் ஒலிப்பொறியியல் ஆய்வாளர் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் இந்தக் கணக்கைத் துல்லியமாக எழுதிக்காட்டும்வரை, வெளியான பல சர்க்யூட்டுகளில் மதிப்புகள் தப்பாகவே இருந்தன. இன்னொரு சங்கடம், அலையைத் தலைகீழாக்காத இந்த நான்-இன்வெர்ட்டிங் அமைப்பில் பெருக்கம் ஒன்றுக்குக் கீழே இறங்காது. உச்ச அதிர்வெண்ணில் வளைவு சரியாமல் மட்டமாகிவிடும்.

இன்னொரு வழி, வேலையைப் பிரித்துக்கொடுப்பது. ஒரு நிலை வெறுமனே பெருக்கும். நடுவே ஒரு ரெசிஸ்டர், ஒரு கண்டென்சர் மட்டும் சேர்ந்து 75 மைக்ரோநொடியைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த நிலை தன் ஃபீட்பேக்கில் 3180, 318 இரண்டையும் கவனிக்கும். நடுவில் 7.5 கிலோஓமும் 10 நானோஃபாரட்டும் போட்டால் பெருக்கல் சரியாக 75 வருகிறது, பள்ளிக்கூடக் கணக்கு. பிழை இருந்தால் எங்கே என்று தேடுவதும் எளிது. ஆடியோ சர்க்யூட் வடிவமைப்பாளர் ரோட் எலியட் தன் இணையதளத்தில் வெளியிட்ட ஆறாம் எண் ப்ராஜெக்ட் உட்பட, வீட்டில் கட்டுவோருக்கென வந்த நல்ல சர்க்யூட்டுகள் இப்படிப் பிரித்த வகையே. முழு வளைவையும் ஃபீட்பேக் இல்லாமல் வெளியே செய்யும் மூன்றாவது வழியும் உண்டு, வால்வு பிரியர்களுக்கு அது உயிர். ஆனால் 1000 ஹெர்ட்ஸிலேயே பத்தில் ஒரு பங்காக ஒலி இறங்கிவிடுவதால் இரைச்சலோடும் கிளிப்பிங்கோடும் (அலையின் உச்சி வெட்டுப்படுவது) ஒரே நேரத்தில் மல்லுக்கட்டவேண்டிவரும்.

பிரித்த வகையில் ஒரு கவனம் தேவை. முதல் நிலைக்குள் வரும் ட்ரெபிள் இன்னும் அடக்கப்படாதது. தூசியில் ஊசி இடறும் ஒவ்வொரு ‘டிக்’கும் முழுப் பலத்தோடு வரும். தேரிக்காட்டுச் செம்மண் புழுதி காற்றில் பறக்கும் நம் பக்கத்தில் இது வெறும் பேச்சில்லை. ஒற்றை 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சர்க்யூட் அந்த அடிகளில் கிளிப் ஆகி, சின்ன ‘டிக்’கைப் பெரிய ‘டப்’பாக்கிக் காட்டும். முதல் நிலையில் 20 மடங்குக்கு மேல் பெருக்கவேண்டாம். சப்ளை ±15 வோல்ட் இருக்கட்டும்.

இதே பிரித்த வகையை நான் பரிந்துரைக்க இன்னொரு காரணம், நம் வீடுகளில் கிடக்கும் 78 தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓடும் பழைய தட்டுகள். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தை அரக்குத் தட்டில் வைத்திருப்பவர்கள் அதை ஆர்.ஐ.ஏ.ஏ. வழியே கேட்டால், சீவாளியின் கூர்மை போய் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிறமாதிரி வரும். பழைய 78-களில் பலவற்றில் ட்ரெபிளைத் தூக்கிப் பதியவில்லை; நம் பலகையோ 10,000 ஹெர்ட்ஸை 13.7 டெசிபல் வெட்டுகிறது. 75 மைக்ரோநொடிக் கண்டென்சரின் காலில் ஒரு சுவிட்ச் வைத்து, அதைக் கழற்றவோ சின்ன மதிப்புக்கு மாற்றவோ வழி செய்தால் ஒலி திறந்துகொள்ளும். கூடவே சரசரப்பும் ஏறும். பிற்காலத் 78-கள் சில ஆர்.ஐ.ஏ.ஏ.வுக்கே பொருந்தும். அதனால் நிரந்தரமாகக் கழற்றவேண்டாம், சுவிட்ச்தான் சரி. எல்.பி. (33⅓ சுற்றுத் தட்டு) ஊசியை 78-இல் வைத்துவிடாதீர்கள்: எல்.பி. ஊசி முனையின் ஆரம் 18 மைக்ரான், 78-க்கு வேண்டியது 70 மைக்ரான் அளவு. சின்ன ஊசி தடத்தின் அடியில் புழுதியை உழுதுகொண்டு போகும்.

ஐசிக்குச் செலவழிக்க நினைத்த காசைக் கண்டென்சரில் போடுங்கள். வளைவின் சரிவுப் பகுதியில் கண்டென்சர் 5 சதம் தப்பினால் ஒலி 0.4 டெசிபல் நகரும், 10 சதம் தப்பினால் 0.8. இடது ஒரு பக்கமும் வலது மறுபக்கமும் தப்பினால், பாடகர் நடுவில் நிற்காமல் சுருதிக்குச் சுருதி இடம் மாறுவார். ஜங்ஷன் பக்கத்துக் கடையில் போய், “அண்ணாச்சி, நூத்திமூணு ஜே, பெட்டி டைப், இருபது குடுங்க” என்று கேட்டால், “ரெண்டு போதுமே தம்பி, எதுக்கு இத்தனை?” என்பார். வாங்குங்கள். 103 என்றால் 10 நானோஃபாரட், ஜே என்றால் 5 சதம், கே என்றால் 10 சதம். கண்டென்சர் அளக்கும் மல்டிமீட்டரில் இருபதையும் அளந்து, ஒத்துப்போகும் ஜோடிகளைப் பொறுக்கினால் 1 சதக் கண்டென்சருக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். பாலிப்ராப்பிலீன் கிடைத்தால் நல்லது, மைலாரும் பரவாயில்லை. வளைவுக்கான இடத்தில் வட்டத்தட்டு செராமிக் கூடவே கூடாது. அதன் மதிப்பு மின்னழுத்தத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறும், தட்டினால் மைக்மாதிரி சத்தமும் கொடுக்கும்.

பரணில் வெயிலைத் தின்ற எல்.பி. தட்டுகள் அப்பளம் போட்டிருக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஒரு நெளிவு நொடிக்கு அரைத் தடவைக்குச் சற்று மேல் வரும், அதன் மடங்குகள் டோன்ஆர்மின் சொந்த அதிர்வான 8–12 ஹெர்ட்ஸைத் தொடும்போது ஸ்பீக்கர் கோன் சத்தமில்லாமல் முன்னும் பின்னும் பம்மும். 1976-இல் இதற்கென்று 20 ஹெர்ட்ஸில் ஒரு மென்மையான வெட்டைத் தரத்தில் சேர்த்தார்கள். அது நெளிவைப் பெரிதாகத் தடுக்கவும் இல்லை, நல்ல பேஸைக் கொஞ்சம் தின்னவும் செய்தது. தனியாக, காதுக்கு எட்டாத அடி அதிர்வை வெட்டும், செங்குத்தான சரிவுள்ள சப்சானிக் ஃபில்டருக்கு இடம் உள்ள பலகைதான் நம் ஊருக்கு ஏற்றது.

கடைசியாக உறுமல். ட்ரான்ஸ்ஃபார்மரைப் பலகையோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். தனி டப்பாவில் வைத்து ஒரு மீட்டர் வயரில் டி.சி.யாகக் கொண்டுவாருங்கள். +15, −15 வோல்ட்டை நிலையாகத் தரும் 7815, 7915 ரெகுலேட்டர்கள் தாராளம். செல்போன் சார்ஜர் வகை சப்ளையை வைத்துக்கொண்டு ஐசியைக் குறை சொல்லாதீர்கள். கரண்டு போய்ச் சதுர அலை இன்வெர்ட்டரில் வீடு ஓடும்போது 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று ஒரு படையே வரும். அந்த நேரத்தில் கேட்டுப் பலகையை மதிப்பிடவேண்டாம். கட்டி முடித்ததும் இன்புட் இரண்டையும் கிரவுண்டோடு சேர்த்து, அவுட்புட்டில் டி.சி. சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இல்லை என்று பாருங்கள். அப்புறம் ஸ்பீக்கரை இணைத்துக் கேளுங்கள். இன்புட் சேர்ந்திருக்கும்போது அமைதி, டர்ன்டேபிளை மாட்டியதும் உறுமல் என்றால் பலகையில் குற்றமில்லை. டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய கிரவுண்ட் வயரைப் பெட்டியின் திருகில் முடுக்கிவிட்டு, காட்ரிட்ஜை ஆம்ப்ளிஃபயரின் ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி வையுங்கள்.