விதண்டாவாதமா, மிகைநுணுக்கமா?

ஆங்கிலத்தில் 'ஹேர்ஸ்ப்ளிட்டிங்' என்று எங்காவது எதிர்ப்பட்டால் போதும், நம் மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'விதண்டாவாதம்' என்று போட்டுவிடுகிறார்கள். மயிரை நெடுக்காகப் பிளப்பது நேர்ப்பொருள். தேவைக்கு மீறி வேறுபாடு பார்ப்பது கருத்து. பிரெஞ்சுக்காரர் மயிரை நாலாக வெட்டுவார், இந்திக்காரர் மயிரின் தோலை உரிப்பார். சொல் பிறந்த கதை அவ்வளவுதான்.

விதண்டை வேறு சங்கதி. கௌதமரின் தர்க்க நூலான நியாய சூத்திரம் விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என்று பிரிக்கிறது. வாதம் உண்மை காண்பதற்கு, ஜல்பம் ஜெயிப்பதற்கு. விதண்டையோ தனக்கென ஒரு கட்சி, அதாவது நிலைப்பாடு, வைக்காமல் எதிராளி சொன்னதை உடைத்துக்கொண்டே போவது. அதற்கு நுட்பமே வேண்டாம், முரட்டுத்தனமாகவும் செய்யலாம்.

ஓர் உதாரணம். 2020-ல் கர்நாடகத்தில், எதற்கு எவ்வளவு வரி என்று முன்கூட்டியே சொல்லும் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம், பாக்கெட்டில் வரும் பரோட்டா ரொட்டி வகையில் சேராது, 5 சதவீதம் போதாது, 18 கட்டு என்றது. காரணம்? சாப்பிடுவதற்கு முன் சூடாக்க வேண்டுமாம்! இதையும் விதண்டாவாதம் என்றால் எப்படி? ஆணையத்துக்குத் தெளிவான கட்சி இருந்தது, காட்டுவதற்கு வரிப்பட்டியலில் ஒரு தலைப்பு இருந்தது, தர்க்கமும் ஒருவாறு நின்றது. ஆகவே 'குதர்க்கம்' என்றும் சொல்ல முடியாது. குதர்க்கம் என்பது கோணல் தர்க்கம். இங்கே கோணல் இல்லை, இழை மெலிந்துபோனதுதான் குறை. (2025-ல் இரண்டுக்கும் வரியே இல்லை என்றாகிவிட்டது, அது தனிக்கதை.)

சிலர் 'மயிர்பிளக்கும் வாதம்' என்று எழுதுகிறார்கள். மயிர் இன்று வசவாகிவிட்டதால் அதை யாராவது 'முடிபிளப்பு' என்று திருத்துவார்கள். அப்புறம் அது கூந்தல் தைல விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

நமக்கு 'நுண்' என்ற வேர் இருக்கிறது. ஆனால் குறளில் 'நுண்மாண் நுழைபுலம்', 'நுணங்கிய கேள்வியர்' எல்லாமே பாராட்டு. வெறும் நுணுக்கம் என்றால் குறை தெரியாது. அதனால் 'மிகைநுணுக்கம்' என்பேன். மிகைநடிப்பு என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லையே. பேச்சில் "ரொம்ப நுணுக்கி நுணுக்கிக் கேட்காதே" என்றாலே விஷயம் முடிந்தது.

'அதிநுட்பம்' என்று வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம், கைபேசிக் கேமரா விற்கிறவர்கள் அதை விட்டுவைத்திருந்தால்.