தேனீ எப்போது காளான் தின்றது?

ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைக் 'காளான் சர்க்கரை' என்று எழுதுவதை இன்னும் எத்தனை தடவைதான் படிப்பது? போன வாரம் ஒரு கட்டுரையில் 'தேனீயின் ரத்தத்தில் ஓடும் காளான் சர்க்கரை' என்றே இருந்தது.

பெயர் வந்த கதை சின்னது. 1832இல் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் இதை ரை தானியத்தில் வரும் எர்காட் பூஞ்சையில் கண்டார். 1859இல் பெர்த்தலோ என்ற வேதியியலாளர், கூன்வண்டு கட்டும் 'ட்ரெஹலா' என்ற இனிப்புக் கூட்டிலிருந்து பிரித்து, கூட்டின் பெயரையே சர்க்கரைக்கும் வைத்தார்.

சரி, காளானில் இது இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஈஸ்டில் இருக்கிறது, பூச்சிகளுக்கோ ரத்தத்தில் ஓடும் முக்கியச் சர்க்கரையே இதுதான், பறக்கும்போது இதை உடைத்துத்தான் குளுக்கோஸ் எடுக்கின்றன. காளானில் மானிட்டால் என்ற இன்னொரு இனிப்புப் பொருளும் ஏராளமாக உண்டு, அதைக் 'காளான் சர்க்கரை' என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒரு காலத்தில் காளானை வைத்தே இதற்கு 'மைகோஸ்' என்று பெயரிட்டுப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. அவர்களே விட்டதை நாம் தூசி தட்டி எடுக்கிறோம்.

இன்னொரு கூட்டம் 'இரட்டைக் குளுக்கோஸ்' என்கிறது. மால்டோஸ் என்ற சர்க்கரையும் இரண்டு குளுக்கோஸ்தானே ஐயா! இரண்டும் எப்படிக் கைகோத்திருக்கின்றன என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. ட்ரெஹலோஸில் இரண்டு குளுக்கோஸும் தத்தம் முதல் கார்பன் வழியாகவே பிணைந்துகொள்வதால் வினைபுரியும் முனை எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, அதனால் இது ஒடுக்காச் சர்க்கரை, புரதத்தோடு சேர்ந்து பழுப்பாகாது. ஈஸ்ட் செல் வறண்டு போகும்போது தண்ணீர் இருந்த இடத்தில் இது நின்று புரதத்தையும் செல் சவ்வையும் குலையாமல் காப்பதற்கும் இந்த அமைதியான குணம் உதவுகிறது. 'இரட்டை' என்ற சொல்லில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?

தமிழ்ச்சொல் வேண்டும் என்பதில் எனக்கும் ஆசை உண்டு. வண்டின் கூட்டை வைத்து 'கூட்டுச் சர்க்கரை' என்று நானே எழுதிப் பார்த்தேன், பல சர்க்கரை கூடியது என்று படிப்பார்கள் என உடனே அடித்துவிட்டேன். குளுக்கோஸை அப்படியே ஏற்றவர்கள் இதையும் ஏற்கலாம். கிரந்தம் பிடிக்காதவர்கள் 'திரெகலோசு' என எழுதட்டும், முதல் தடவை வரும்போது 'ஒரு இரட்டைச் சர்க்கரை' என்று பக்கத்தில் சேர்த்தால் போதும்.

அப்புறம் அதே கட்டுரையில், இதை உடைக்கும் ட்ரெஹலேஸ் என்ற நொதிக்கும் பெயர் வைத்திருந்தார்கள். 'காளான் நொதி'. அது நம் சிறுகுடலிலும் இருக்கிறது.