இன்ஜின் தகட்டில் இருக்கும் அந்த '2'

போன மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு எம்ஜி டி.டி. (TD) என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய கார் வாங்குகிறவர்களுக்காக முன்கூட்டியே வண்டியைப் பார்த்துச் சொல்வது என் தொழில். கரும்பச்சை வண்டி, பார்த்ததும் ஆசை வந்துவிடும். விளம்பரத்தில் 'மார்க் டூ', அதாவது சாதாரண டி.டி.யைவிடத் திறன் கூடிய வகை, என்று போட்டிருந்தார்கள், விலையும் அதற்கேற்ப ஏறியிருந்தது. விற்பவர் பானட்டைத் திறந்து, இன்ஜினில் இருந்த எண்கோணப் பித்தளைத் தகட்டைத் துணியால் துடைத்துக் காட்டினார். இன்ஜின் வகையின் குறியீடான எக்ஸ்.பி.ஏ.ஜி., அடுத்து டி.டி.2, அடுத்து ஓர் எண். "டூன்னு அதுலயே இருக்கு பாருங்க" என்றார். அவர் ஏமாற்றவில்லை. அவருக்கு விற்றவரும் இதே தகட்டைத்தான் காட்டியிருக்கிறார்.

அந்த '2' கிளட்சைப் பற்றியது. டி.டி. வந்தபோது அதில் ஏழேகால் அங்குல கிளட்ச் இருந்தது. 1951இல் அதை எட்டு அங்குலமாக்கினார்கள். பெரிய கிளட்ச் பொருத்திய இன்ஜினை அடையாளம் காட்டத்தான் டி.டி.2 என்று அடித்தார்கள். அதற்குப் பிறகு வந்த சாதாரண டி.டி. எல்லாவற்றிலும் அது இருக்கும். உண்மையான மார்க் டூவின் இன்ஜின் தகட்டில் டி.டி.3 என்றிருக்கும். இந்தக் குழப்பத்தால் வீணாகப் பணம் கொடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன், டி (T) வரிசையை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர்களுக்காகக் கொஞ்சம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எம்ஜியின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து இந்த வரிசையில் மூன்று வகை வந்தன. 1945இல் வந்த டி.சி. உயரமான, ஒல்லியான 19 அங்குல ஸ்போக் சக்கரங்களில் நிற்கும், பெரும்பாலும் பம்பர் கிடையாது, ஸ்டியரிங் எப்போதும் வலப்பக்கம்தான். 1949 கடைசியில் வந்த டி.டி.யின் சக்கரம் 15 அங்குலம், ஸ்போக் இல்லாத தகட்டுச் சக்கரம். முன்னும் பின்னும் பம்பர் உண்டு. 29,664 வண்டிகள் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. 1953இல் வந்த டி.எஃப்.பை ஹெட்லைட்டே காட்டிக்கொடுத்துவிடும்: முந்தைய இரண்டிலும் தனியாக நிற்கும் விளக்கு இதில் மட்கார்டோடு ஒட்டியிருக்கும், முன்முகமும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும்.

ஸ்போக் சக்கரத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டி.டி.க்கு ஸ்போக் சக்கரம் மாட்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம். அப்புறம், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தில் ஃபைபர் உடல் வைத்துச் செய்த நகல் வண்டிகளும் உலவுகின்றன. அவற்றில் இன்ஜின் பின்னால் இருக்கும், பானட்டைத் தூக்கினால் போதும்.

சரி, மார்க் டூவுக்கு வருகிறேன். அதில் என்ன கூடுதல்? கார்புரேட்டர்கள் ஒன்றேகால் அங்குலத்துக்குப் பதில் ஒன்றரை அங்குலம். பெட்ரோல் பம்ப் இரண்டு. ஷாக் அப்சார்பர்களோடு கூடுதலாக ஆண்ட்ரெக்ஸ் உராய்வு டாம்பர்கள். பானட்டின் வலப்பக்கம் சின்னதாக ஒரு புடைப்பு. பிந்தைய வண்டிகளில் 'மார்க் டூ' பட்டயமும் உண்டு. கவனியுங்கள், இதில் எல்லாமே ஸ்பானர் வைத்துப் பிறகு மாட்டக்கூடியவை. எழுபது வருடமாகப் பல கை மாறிய வண்டியில் யாரோ ஒருவர் மாட்டியிருப்பார், அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. நான் பார்த்த பச்சை வண்டியிலும் இரண்டு பம்ப் இருந்தது. முதல் பம்பின் திருகுகளில் பழைய பெயின்ட் அப்பிக் கிடந்தது, இரண்டாவதின் திருகுகள் பளபளவென்று இருந்தன.

ஆகவே நான் முதலில் குனிந்து பார்ப்பது சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை. இடது முன்பக்கம், பம்பர் பிடிக்கும் இடத்தருகே எண் குத்தியிருப்பார்கள். மார்க் டூ என்றால் எண்ணுக்கு முன்னால் டி.டி.யோடு ஒரு 'சி' இருக்கும். அன்றைக்கு அந்த இடத்தில் கறுப்பு பெயின்ட் இரண்டு மூன்று கோட் தடிமனாக இருந்தது. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு பெயின்ட் ரிமூவரை ஒரு துணியில் நனைத்து வைத்தேன், பத்து நிமிடம் கழித்துத் துடைத்தபோது எழுத்துகள் மெல்ல மேலே வந்தன. டி, டி, பிறகு நேராக எண். நடுவே 'சி' இல்லை. வண்டியின் பதிவு ஆவணமான லாக் புக்கில் இருந்த எண்ணும் அதேதான்.

குத்திய எழுத்தைத் துருவியோ, கிரைண்டர் வைத்தோ சுத்தம் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த எண் போனால் வண்டியின் அடையாளமே போய்விடும். உள்ளே இருக்கும் உற்பத்தித் தகட்டை மட்டும் நம்புவதும் ஆபத்து, புதிதாகச் செய்த தகடுகள் கிடைக்கின்றன. டி.எஃப். 1500 கதையும் இதுதான். பானட் பக்கவாட்டில் 'டி.எஃப். 1500' என்ற சின்னத் தகடு இருப்பதாலேயே உள்ளே 1466 சிசி இன்ஜின் இருக்கிறது என்று ஆகிவிடாது. இன்ஜின் எண் எக்ஸ்.பி.இ.ஜி. என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் எம்ஜி கார் கிளப்பில் டி வரிசைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, எண்களோடு அவர்களிடம் கேளுங்கள்.

அந்தப் பச்சை வண்டி நல்ல வண்டி. உடலின் மரச்சட்டம் உளுத்துப்போகவில்லை, கதவுகள் நேராக மூடின. சாதாரண டி.டி.யின் விலைக்கு வாங்கலாம் என்று தயங்காமல் எழுதிக்கொடுத்தேன். விற்பவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு அந்த விலைக்கே கொடுத்தார். நீங்கள் பார்க்கப் போகும் வண்டி தொலைவில் இருந்தால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே சேஸியின் அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.